சேர்வராயன் மலையில் விட்ட மூச்சு

மார்கழிக் காலை. மணி ஒன்பதாகியும் சேர்வராயன் கோயில் மேட்டில் பனிமூட்டம் விலகவில்லை. சைக்கிளை ஒரு பாறையில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தேன். மூச்சு விட்டால் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்புகிறது. சேலத்து வெக்கையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது அபூர்வக் காட்சி. இன்னொரு முறை ஊதிப் பார்த்தேன். ஒரு முழ தூரம் போய், சுருண்டு, கரைந்தது. கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி, "இத்தனை தூரமும் மிதிச்சேவா வந்தே கண்ணு? இப்பிடி மூச்சு வாங்குதே, செத்த உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பாட்டிக்குத் தெரிந்தது நான் வாங்கிய மூச்சு. என் நெஞ்சை நிறைத்தது விட்ட மூச்சு. ஒன்றரை வருடத்தில் என் உடம்பை விட்டுப் போன பத்து கிலோவும் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போயிருக்கிறது.

எடை குறைந்துவிட்டது என்று சொன்னால், எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். வியர்வையாகப் போயிற்று என்பார்கள். எரிந்து வெப்பமாகிவிட்டது என்பார்கள். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் இதே கேள்வியை மருத்துவர், உணவியலாளர், உடற்பயிற்சியாளர் என்று 150 பேரிடம் கேட்டார்கள். விஷயம் தெரிந்த அவர்களிலும் பெரும்பாலோர் சொன்ன பதில் வெப்பம், சக்தி என்பதுதான். 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பத்து கிலோ கொழுப்பு முழுவதும் கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறுகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. அவ்வளவையும் கரைக்க நாம் இழுத்துக்கொள்ள வேண்டிய ஆக்சிஜன் மட்டும் 29 கிலோ.

நம் இடுப்பில் தங்கும் கொழுப்பின் ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக அதில் 55 கரி அணு, 104 ஹைட்ரஜன் அணு, 6 ஆக்சிஜன் அணு. 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வந்து சேர்ந்ததும் அது 55 கரியமில வாயு மூலக்கூறுகளாகவும் 52 தண்ணீர் மூலக்கூறுகளாகவும் பிரிகிறது. ஓர் அணு கூடவில்லை, ஓர் அணு குறையவில்லை. வருடக்கணக்காகச் சுமந்தது ஒரு சிட்டிகை சாம்பலோ புகையோ மிச்சம் வைக்காமல் காற்றாகவும் நீராகவும் போகிறது. நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனாலும் இந்தக் கணக்கை முதன்முதலாகப் படித்த இரவு கையெடுத்துக் கும்பிட்டேன்.

இத்தனைக்கும் என்னை மிதிக்க வைத்தது பயம்தான். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மருத்துவர் என் இடுப்பைச் சுற்றி நாடாவை வைத்தார். 104 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு 90 தாண்டினாலே எச்சரிக்கை, பெண்களுக்கு 80. எடை 91 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. நம்மவர்களுக்கு மட்டும் ஏன் இப்படித் தனி அளவு என்று கேட்டேன். அப்போது அவர் சொன்ன கதையை இன்றுவரை யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சித்தரஞ்சன் யாக்னிக். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு நண்பர், ஜான் யுட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., ஒரே அளவு: 22.3. படத்தில் பார்த்தால் இருவருமே ஒல்லி. ஸ்கேன் எடுத்தால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டே இதை வெளியிட்டார்கள். வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு, அதுவும் வயிற்றைச் சுற்றி. இதுதான் நம் உடல்வாகு. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்றது. நூற்றுக்கு நாற்பது பேருக்கு வயிற்றுப் பருமன் என்றது. அந்த நாற்பதில் நான் ஒருவன். அவ்வளவுதான்.

வீட்டில் சும்மா நின்றது மகளின் சைக்கிள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. முன்னால் கூடை, பின்னால் கேரியர், கியர் கிடையாது. அதில்தான் ஆரம்பித்தேன். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரைக்கும் போய்த் திரும்புவதற்குள் முதல் நாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பத்து நாளில் கல் இளகியது. ஒரு மாதத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மலையடிவாரம் வரை போனேன். அங்கே நின்று மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன்.

சைக்கிளைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு கிலோமீட்டர் நடப்பதற்கு ஆகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் சைக்கிளில் அதே தூரத்தைக் கடந்துவிடலாம். 1973இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன் பறவை, மீன், குதிரை, இயந்திரம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு எழுதியபோது, எடைக்கு எடை பார்த்தால் சைக்கிளில் போகும் மனிதன்தான் வரிசையில் முதலாவதாக வந்தான். மூட்டு தாங்காத கனமான உடம்புக்கு இது பெரும் வரம். ஆனால் எடை குறைக்க வேண்டியவனுக்கு இதே வரம் கொஞ்சம் இடைஞ்சல். சமதரையில் மணிக்கணக்காக உருட்டினாலும் செலவு குறைவு. அதற்குத்தான் கடவுள் சேலத்தைச் சுற்றி மலைகளை நட்டு வைத்திருக்கிறான் என்று நான் நம்புகிறேன். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, எல்லாவற்றுக்கும் பின்னால் சுவர் போல சேர்வராயன்.

கியர் சைக்கிள் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கினேன். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. முதல் வாரம் இரண்டாவது பலகையோடு திரும்பினேன். நான்காவது பலகைக்கு வர ஒரு மாதம் ஆனது. குரங்குகள் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஏறுகிறவனை அவசரமில்லாமல் பார்க்கும். நானும் அவசரப்படவில்லை. பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் உடம்பு கொழுப்பை நிறைய எடுத்துக்கொள்ளும். பேச்சு அறுந்து இரைக்க ஆரம்பித்தால் தசையில் சேமித்த சர்க்கரையைத்தான் அதிகம் அள்ளும். ஆகவே சின்ன கியர், நிதானம்.

வீட்டிலிருந்து கோயில் மேடு வரை ஏறும் உயரம் சுமார் 1300 மீட்டர். நானும் சைக்கிளும் சேர்ந்து நூறு கிலோ என்று வைத்துக்கொண்டால், அதைத் தூக்கி மேலே வைக்கும் வேலை மட்டும் 300 கலோரி. ஆனால் தசை தனக்குக் கிடைக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும், மூன்று பங்கு வெப்பமாகும். ஆக மொத்தச் செலவு 1200. அந்த மூன்று பங்கு வெப்பத்தையும் உள்ளேயே வைத்திருந்தால் என்ன ஆகும்? தோல் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கலோரி வெப்பத்தைச் சுமந்துகொண்டு போகும். ஒன்றரை லிட்டர் நனைந்தேன், பிழைத்தேன். வியர்வை எடையைக் குறைக்க வரவில்லை, உயிரைக் காக்க வந்தது. கீழே வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்த எடை திரும்பிவிடும்.

இந்த 1200 கலோரி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று தேடிப் போனபோதுதான் நான் ஆடிப்போனேன். மிதிக்கத் தொடங்கியதும் ரத்தத்தில் அட்ரினலின் ஏறுகிறது. கொழுப்பு உயிரணுவின் சுவரில் போய் அது தட்ட, உள்ளே இருக்கும் நொதி கொழுப்பை உடைத்து அமிலமாக்கி வெளியே அனுப்புகிறது. அந்த அமிலம் தனியாக நீந்த முடியாதது. ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் படகு போல அதை ஏற்றிக்கொண்டு தொடைத் தசைக்குக் கொண்டுபோய் இறக்குகிறது. தசை உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா. அதன் உட்சுவரில், கண்ணுக்கு மட்டுமல்ல சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத சிறுமையில், ஒரு சக்கரம்.

உவமையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சக்கரம். ஹைட்ரஜன் அயனிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய, ஓடையில் வைத்த நீர்ச்சக்கரம் போல அது சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறுகளைச் செய்து தள்ளுகிறது. நாம் அசைக்கும் ஒவ்வொரு விரலுக்கும், இமைக்கும் ஒவ்வொரு இமைக்கும் கூலி அந்த ஏ.டி.பி.தான். இதன் வேலையை விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997இல் நோபல் பரிசு. அதே ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் அந்தச் சக்கரத்தின் அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது சுற்றுவதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள். வினாடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுற்றக்கூடியது. பன்னிரண்டாவது வளைவில் நான் நிமிடத்துக்கு அறுபது முறை மிதித்தேன். என் காலடியில் இரண்டு சக்கரம், காலுக்குள் கோடானுகோடி. மனிதன் சைக்கிளைக் கண்டுபிடித்துச் சில நூற்றாண்டுகூட ஆகவில்லை. அந்தச் சக்கரங்கள் மனிதன் தோன்றுவதற்கு வெகு முன்பிருந்தே சுற்றுகின்றன. யார் உருட்டி விட்டது?

ஆனால் முதல் மூன்று மாதம் எடை அசையவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில்தான் சைக்கிளை விற்றுவிடுகிறார்கள். மலையில் பாதி ஏறி இறங்கிவிட்டு, பசி என்று ஓட்டலில் உட்கார்வேன். ஒரு மசால் தோசை, இரண்டு வடை, சர்க்கரை போட்ட காபி. அதுவே 600 கலோரியைத் தாண்டும். மாலையில் கடைவீதியில் இரண்டு தட்டுவடை செட். "என்னங்க, மலையில கரைச்சதெல்லாம் வீடு வந்து சேர்றதுக்குள்ள திரும்ப வாய் வழியா உள்ள வந்துருது" என்றாள் மனைவி. கோபத்தில் சொன்னது. விஞ்ஞானப்படி அதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி. வீட்டிலிருந்து உச்சி வரை ஆறேழு முறை ஏறி வந்தால் ஒரு கிலோ. அதை நாக்கு சில நாளில் சமன் செய்துவிடும்.

அன்றிலிருந்து சமையலறை மாறியது. பட்டினி கிடக்கவில்லை. காலையில் ஆறு இட்லி மூன்றானது. கூடவே முளைகட்டிய பயறோ முட்டையோ வந்தது. மதியம் சோறு ஒரு கரண்டி, கீரையும் காயும் இரண்டு மடங்கு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி சொல்கிறதே, வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம். காபியில் சர்க்கரை போயிற்று. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் முடிந்தது. நம் நாட்டு உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் கோதுமையும் சர்க்கரையும். சாமை, தினை, கேழ்வரகு எல்லாம் இந்த மலையில் காலங்காலமாக மலையாளி மக்கள் விளைத்துச் சாப்பிட்டவை. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், கேரளத்தோடு சம்பந்தமில்லை. செங்குத்துப் பாதையில் விறகுச் சுமையோடு ஏறுகிற அவர்களின் பாட்டிமாருக்கு இடுப்பு நாடாவின் தேவை இருந்ததில்லை. தவிடு நீக்காத சாமைச் சோறு மெதுவாகச் செரிக்கிறது. மெதுவாக மென்றும் சாப்பிட வேண்டியிருக்கிறது. போதும் என்ற சேதி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் போலத் தேவை. அவசரமாக அள்ளிப் போடுகிறவன் அந்தச் சேதி வருவதற்குள் இன்னொரு தட்டை முடித்துவிடுகிறான். கொழுப்பு உயிரணுவும் பேசும். 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த லெப்டின், இருப்பு எவ்வளவு என்று கொழுப்பு மூளைக்கு எழுதும் கடிதம். திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பத்துக் குறளில் ஆறு சாப்பிடும் முறையைப் பற்றியே பேசுகின்றன; ஒரு மருந்தின் பெயர்கூட அதில் கிடையாது. வள்ளுவர் வயிற்றில் இருப்பதைத் தீ என்றே சொல்கிறார்.

அதன்பிறகு மாதத்துக்கு முக்கால் கிலோ, சில மாதம் அரை கிலோ. அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கியது. அதுவே நல்லது என்று இப்போது தெரிகிறது. எடை குறையும்போது கொழுப்பு உயிரணுக்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை. 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியபடி, வருடத்துக்குப் பத்தில் ஒன்று இறந்து, அதே அளவு புதிதாகப் பிறந்து, கணக்கு மாறாமல் நிற்கிறது. காலிப் பானைகள் அடுக்கியபடியே இருக்கின்றன. மிதிப்பதை நிறுத்தினால் நிரம்பும். இதைப் படைப்பின் குறை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். மழை பொய்த்த வருடங்களில் நம் முன்னோரைக் காப்பாற்றிய பானைகள் அல்லவா அவை? பஞ்சத்தைத் தாண்டி வந்த உடம்பு அதை மறக்க மறுக்கிறது. அதன்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை.

எடையைவிட வேறொன்று வேகமாக மாறியது. 1967இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க மருத்துவர் எலிகளைத் தினமும் ஓடவிட்டார். சில வாரங்களில் அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் இரண்டு மடங்கானது. கேட்டால் கொடுக்கும் கை உடம்புக்குள்ளேயே இருக்கிறது. எனக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது 82 அடித்த நாடி ஒரு வருடத்தில் 66 ஆனது. பலகைகள் பின்னால் போகத் தொடங்கின. ஒன்பது, பதினான்கு, பத்தொன்பது. இருபதாவதைத் தாண்டிய அன்று காற்று சட்டென்று குளிர்ந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது படிப்பில் தெரிந்ததுதான். நனைந்த சட்டைக்குள் அது நுழையும்போது தெரிவது வேறு.

அது பங்குனி மாதம். காபியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. சாலையின் இரு பக்கமும் சவுக்கு போல நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காபிச் செடிகள் கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தன. மல்லிகையின் மணம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் கொண்டுவந்த செடியின் வாரிசுகள். நான் ஒரு செடியருகே நின்று மூச்சு வாங்கினேன், அதாவது, விட்டேன். அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு கதவு திறந்தது.

பெல்ஜியத்தில் வான் ஹெல்மாண்ட் என்றொருவர் இருந்தார். ஒரு தொட்டியில் மண்ணை நிறுத்துப் போட்டு, ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது இரண்டு அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648இல் இது அச்சாயிற்று. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். பாதி சரி. மற்றப் பாதி காற்று. பத்தாயிரம் பங்கு காற்றில் நாலே பங்காக இருக்கும் கரியமில வாயுவை இலையின் சிறு துளைகள் பொறுக்கி எடுத்து, வெயிலை வைத்து மரமாக்குகின்றன. மரம் காற்றிலிருந்து எடை ஏறுகிறது. நான் காற்றுக்குள் எடை இறங்குகிறேன். ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

நான் விட்ட வாயு அந்தச் செடிக்கே போயிற்று என்று சொல்ல மாட்டேன். காற்று உலகம் பூராவும் கலந்துவிடுகிறது. ஆனால் அத்தனை கோடி கோடி அணுக்களில் சில இந்த மலையின் ஏதோ ஒரு இலையில், ஒரு பலாப்பிஞ்சில், மிளகுக் கொடியில் போய் உட்காராமல் இருக்க முடியாது. அதேபோல என் இடுப்பில் இருந்ததும் ஒரு காலத்தில் நெற்பயிர் பிடித்த காற்றுதான். அதற்கு முன் யாரோ விட்ட மூச்சு. எனக்கென்று சொந்தமாக ஒரு கிராமும் இருந்ததில்லை. படைத்தவன் இரவல் கொடுத்ததை நான் கொஞ்சம் அதிக நாள் திருப்பாமல் வைத்திருந்தேன்.

மார்கழிக் காலைக்கு வருகிறேன். பாட்டியிடம் ஒரு கொய்யா வாங்கித் தின்றுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். 5,326 அடி உயரம். மொட்டையான சமதளம், எங்கும் புல். கோபுரத்தைத் தேடி வருகிறவர் ஏமாறுவார். சேர்வராயனும் காவேரியம்மனும் பாறைக் குகைக்குள் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் எல்லாம் இங்கே திரளும். இந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. உள்ளே போகக் குனிய வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் பஸ்ஸில் வந்து இதே இடத்தில் குனிந்தபோது வயிறு மடங்கி நெஞ்சை அடைத்தது. பாதியில் நிமிர்ந்து பாறையில் தலையை இடித்துக்கொண்டு, வெளியிலிருந்தே கும்பிட்டுத் திரும்பினேன்.

இந்த முறை குனிந்தேன், உள்ளே போனேன். தரை ஈரம். பாறையின் குளிர்ச்சி தோள் இரண்டிலும் உரசியது. சாமிக்கு முன்னால் ஒற்றை அகல். பூசாரி எண்ணெய்ச் சொம்பைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றினார். நல்லெண்ணெயும் அதே ஜாதிக் கொழுப்புதான்: கரி, ஹைட்ரஜன், கொஞ்சம் ஆக்சிஜன். திரி வழியே ஏறி, காற்றைச் சேர்த்துக்கொண்டு, கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போகிறது. மூச்சு என்பது மெழுகுவர்த்தி எரிவதைப் போன்ற நிதானமான எரிதல்தான் என்று லவாய்சியே 1780களிலேயே எழுதிவைத்தார். என் தொடைக்குள் நான்கு மணி நேரமாக எரிந்ததும் இதே தீ. 37 டிகிரியில், சுடர் தெரியாமல், தசையைச் சுடாமல்.

இன்னும் இரைத்துக்கொண்டிருந்தது. நான் மூச்சு விட்டபோது சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. "மெல்ல விடு தம்பி" என்றார் பூசாரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, குகை வாசல் பக்கமாக விட்டேன்.